டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில்

“எட்டரைக்கு வீட்டுக்கு வந்துகினு இருந்தவ ஒம்பதரைக்கு வந்த. அப்பால பத்து. இப்ப பத்தே முக்கால். நடுவுல எவன் வீட்ல எறங்கி காப்பி குடிச்சிட்டு வர்ற?”

“நடுவுல நிலம் நீண்டுபோச்சுன்னு எத்தினி வாட்டி சொல்றது? காது கேக்கலன்னா டாக்டராண்ட காட்டு.”

“நிலம் நீளுமா? அது இன்னா சப்பாத்தி மாவா?”

“யோவ், மெதுவாப் பேசு. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்! நான் இன்னிக்கு பஸ்ல வந்தேன். ரெண்டரை மணி நேரம். எந்த நிலமும் நீளல. எங்கடி உன் நிலம்?”

தெரு பார்க்கவில்லை. ஜீவனஹள்ளியில் யாரும் அடுத்தவர் குடும்பத்தை எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாசலில் வேலை இருந்தது, அவ்வளவுதான். ஜகதாம்பாள் தன் ஃபேன்சி ஸ்டோர் முன்னால் தொங்கிய கொண்டை ஊசி அட்டைகளை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்டை நடந்தது அவள் கடைக்கு எதிரே, மாடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் விஜியின் வீட்டு வாசலில். கத்தியவன் விஜியின் மாமா ஜெயவேலு, கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவன். பதில் சொன்னவள் அவன் பெண்டாட்டி, விஜியின் அக்கா பாஞ்சாலி, லீவு நாளில் தங்கையைப் பார்க்க வந்தவள். தினமும் அதே சாம்பியனிலிருந்து ரயிலேறி, பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி, தங்கை வீட்டில் முகம் கழுவிச் சீருடைப் புடவைக்கு மாறி, தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் நான்கு மாடியையும் துடைக்க வைக்கிற சூப்பர்வைசராகப் போகிறவள். பத்தொன்பது வருடமாகப் போகிறாள்.

பாஞ்சாலி சொன்னது உண்மை. டேக்கல் ஸ்டேஷனுக்கும் மாலூர் ஸ்டேஷனுக்கும் நடுவில் வருடா வருடம் நிலம் கூடிக்கொண்டிருந்தது. ரயில் கட்டணம் ஏறினால் கூடும், மற்றபடி கூடாது. கட்டணம் புத்தாண்டை ஒட்டி ஏறும். ஏறுகிற தொகைக்கு எத்தனை தூரம் போகலாமோ அத்தனை தூரம் மறுநாள் காலை அங்கே கிடக்கும், தண்டவாளம், ஜல்லி, மின்கம்பம் எல்லாம் சேர்த்து. இதை முதலில் கண்டுபிடித்தது எஞ்சினியர்கள் அல்ல, பெண்கள் பெட்டியில் அவரைக்காய் உரிக்கிறவர்கள். தை பிறக்கும் சமயத்தில் பெங்களூர் முழுக்க அவரை வாசம் அடிக்கும் அல்லவா, அப்போது காலை வண்டியில் ஆளுக்கு ஒரு கிலோ அவரையை மடியில் கொட்டி, பங்காருப்பேட்டையில் ஆரம்பித்தால் மாலூருக்கும் அப்பால் தேவனகொந்தியில் உரித்து முடியும். மறுநாள் அதே தூரத்தில் ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கி முடிப்பார்கள். இந்தச் சண்டைக்கு ஐந்து வருடம் முன் ஒரு ஜனவரியில் மாலூர் தாண்டியதுமே முடிந்துவிட்டது. காய்காரன் எடையில் ஏமாற்றிவிட்டான் என்று பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் பெரிய ரகளை. அடுத்த வருடம் மாலூர் வருவதற்கு முன்பே முடிந்தது. அதற்கடுத்த வருடம் முடிந்து, கை கழுவி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தும் மாலூர் வரவில்லை. காய்காரனிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் திட்டுவதை நிறுத்தினார்கள்.

அந்த நிலத்தைப் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு மண். எல்லைக் கல் கிடையாது. இரண்டு புளியமரங்கள், நூறடி இடைவெளியில். வேலிக்காத்தான் புதர், தண்ணீர் இல்லாத ஒரு ஏரி, யாருடையதும் அல்லாத நாற்பது ஐம்பது ஆடுகள். செல்போனில் சிக்னல் கிடையாது. ஓட்டுநரின் வேகப் பட்டியலில் அந்த இடம் இல்லாததால் அங்கே எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று யாருக்கும் தெரியாது. வண்டி சைக்கிள் வேகத்தில் ஊர்ந்து போகும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த நிலம் கிடையாது. சாலையில் டேக்கலும் மாலூரும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் பஸ்ஸில் மாதம் முழுக்கப் போய்வருவதென்றால் பாஞ்சாலியின் சம்பளத்தில் பாதி போய்விடும். குளிர்சாதன வண்டியில் அந்த வழியாகப் போகிறவர்கள் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். ஆகவே அந்த நிலம் சீசன் டிக்கெட்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, அவர்களும் எருமைக்கு வால் இருப்பதுபோல அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை.

ஜெயவேலுவுக்கு மட்டும் தெரியாது. காரணம், அவன் ஆறு வருடமாக ரயிலேறவில்லை. சுரங்கம் மூடியபோது கம்பெனி லைன் வீடுகளை அதில் குடியிருப்பவர்கள் பேருக்கே எழுதித் தரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. இருபது வருடம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை. அதுவரை வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வருவார், கதவு பூட்டியிருந்தால் ‘ஆளில்லை’ என்று நோட்டில் எழுதிவிடுவார், அத்தோடு வீடு போயிற்று. அதனால் லைனில் குடும்பத்துக்கு ஒருவர் பெங்களூருக்குச் சம்பாதிக்கப் போவதும் ஒருவர் வீட்டில் ஆளாக இருப்பதும் வழக்கம். மகள் ஆஷாவை ஆம்பூரில் கட்டிக் கொடுத்தபின் இந்த வீட்டில் ஆளாக இருக்கும் உத்தியோகம் ஜெயவேலுவுக்கு வந்தது. ஆபீஸ் இல்லாத ஞாயிறு தவிர, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு யோசனைகள் வரும். போதாததற்கு ஜகதாம்பாள் போன் செய்திருந்தாள். “பாஞ்சாலி நேத்து தியோடர் ஸ்கூட்டர்ல போனா தம்பி. மழைக்குத்தான். நான் ஒண்ணும் சொல்லல” என்று அவள் சொன்னது அவ்வளவுதான். அவளைக் குறைசொல்ல முடியாது. ஒன்றும் சொல்லவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாளே.

தியோடர் யார் என்றால், விவேக் நகரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், பெண்டாட்டியை இழந்தவன். வாரத்துக்கு மூன்று முறை நம் தெருவுக்கு வருவான். இந்தத் தெருவில் வாரத்துக்கு மூன்று மிக்ஸி பழுதாவதில்லை என்பதை நாம் கவனித்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டை எங்கே முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விஜி மாடியிலிருந்து, “மாமா, சும்னே கத்தாதீங்க, மேல வந்து பேசுங்க” என்று இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டாவது முறை ஜெயவேலு நிமிர்ந்து, “பேச மாட்டேன். அளக்கப்போறேன்” என்றான். பாஞ்சாலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “அள. சங்கிலி உன்னுதுதான. மறுமுனைய நான் புடிக்கிறேன்” என்றாள்.

ஜெயவேலு சுரங்கத்தின் சர்வே செக்ஷனில் சங்கிலி பிடித்தவன். கம்பெனி மூடிய கடைசி நாளில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், ஒருவர் விளக்கு, ஒருவர் மண்வெட்டி, ஒருவர் மேனேஜர் அறையின் கதவு. ஜெயவேலு நூறடிச் சங்கிலியைக் கொண்டுபோனான், அடிக்கு ஒரு கணுவாக நூறு கணு. இத்தனை வருடம் அது கட்டிலுக்கு அடியில் எண்ணெய் தடவிக் கிடந்தது. அடுத்த வாரம், பக்கத்து வீட்டு சம்பூர்ணத்திடம் சாவியைக் கொடுத்து, கதவைத் திறந்து வைத்து அடுப்பில் எதையாவது புகையவிடச் சொல்லிவிட்டு, அவன் டேக்கலில் இறங்கினான். பாஞ்சாலி மூன்று நாள் லீவு போட்டிருந்தாள், சம்பளம் பிடிப்பார்கள். கணவன் நம்பாததை நிரூபிக்க மனைவி தன் சம்பளத்திலிருந்து மூன்று நாள் கொடுத்தது அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் முறை.

அங்கே என்ன நடந்தது என்று பார்க்க ஆள் யாரும் இல்லை, ஆனாலும் நமக்குத் தெரியவந்தது. முதல் நாள் முழுக்க இருவரும் சங்கிலிக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார்கள். “இழு.” “இழுத்தாச்சு.” “நேரா வை.” “வச்சாச்சு.” ஒவ்வொரு சங்கிலிக்கும் அவன் பைக்குள் ஒரு கல்லைப் போட்டான், பத்துக் கல் சேர்ந்தால் நோட்டில் ஒரு கோடு. இருட்டும் முன் ஊர்ந்து வந்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய், காலையில் விட்ட இடத்துக்கே வந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் எலுமிச்சைச் சோற்றை அவள் இரண்டாகப் பிரித்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நூறடி தூரத்திலிருந்து அவன் கேட்டான். அவ்வளவு தூரத்தில் ரகசியமாகக் கேட்க முடியாது என்பதால் ஆடுகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டான்.

“தியோடர் யாருடீ?”

“விஜியக் கேளு!” என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

“விஜிய எதுக்குக் கேக்கணும்?”

“பொண்ணு கேட்டு வர்றவனுக்கு அக்காளண்ட நல்ல பேரு வாங்கணும்ல? அதுக்குத்தான் ஸ்கூட்டர்ல ஏத்தினு போனான். சங்கிலிய ஒழுங்காப் புடி, வளையுது.”

ஜெயவேலு சங்கிலியை ஒழுங்காகப் பிடித்தான். அதன் பிறகு மாலூர் வரும்வரை அவன் எண்ணிக்கை மட்டும் சொன்னான், ஆனால் குரல் வேறாக இருந்ததாம். கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது ரயில்வே இலாகாவின் பட்டியலில் இருப்பதைவிடப் பதினொரு கிலோமீட்டர் அதிகம் வந்தது. மாலூர் பிளாட்பாரத்துக் குழாயில் அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து நின்று, “பதினொண்ணு” என்றான். அவ்வளவுதான். அது மன்னிப்பு என்று பாஞ்சாலிக்குப் புரிந்தது. நமக்கு இவ்வளவு சுருக்கமான மன்னிப்பில் சம்மதமில்லை, ஆனால் நம்மை யாரும் கேட்கவில்லை.

கதை அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சர்வே செக்ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பூமிக்கு அடியில் இரண்டு பக்கமிருந்து பாறையைக் குடைந்துகொண்டு வருகிறபோது, ஒரு ஷிப்டில் அளந்ததைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டால் அடுத்த ஷிப்ட் ஆள் தெரியாமல் வெடிவைத்துச் செத்துப்போவான். அதனால் அளந்ததை எழுதி உரிய இடத்தில் சேர்த்தே ஆகவேண்டும். ஜெயவேலு ராத்தூக்கம் இல்லாமல் தவித்து, கடைசியில் நல்ல கோடு போட்ட தாளில், சர்வே செக்ஷன் கையெழுத்தில், தங்கள் தூரப் பட்டியலில் பதினொரு கிலோமீட்டர் பிழை உள்ளது, தயவுசெய்து திருத்திக்கொள்ளவும் என்று எழுதி, சங்கிலிக் கணக்கையும் இணைத்தான். பாஞ்சாலி வேண்டாம் என்றாள். “நமக்குத் தெரிஞ்சா போதாதா? அவனுங்களுக்கு எதுக்கு?” என்றாள். “அளந்தத எழுதாம விடக்கூடாது” என்றான். “எழுதிக்கோ. போஸ்ட் பண்ணாத.” அவன் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

ஏழு மாதம் கழித்து பதில் வந்தது. இரண்டு அதிகாரிகள் வந்து அளந்து பார்த்ததாகவும், திரு. ஜெயவேலு அவர்களின் கணக்கு துல்லியமாக இருப்பதாகவும், இத்தனை காலமும் பயணிகள் பதினொரு கிலோமீட்டரைக் கட்டணமின்றிக் கடந்து வந்திருப்பது தெரியவருவதாகவும், பழைய பாக்கியைக் கருணை அடிப்படையில் விட்டுவிடுவதாகவும், வரும் மாதத்திலிருந்து விடுபட்ட தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வசூலிக்கப்படும் என்றும், தங்கள் நேர்மைக்கு நன்றி என்றும் இருந்தது. சீசன் டிக்கெட் ஏறியது. அது ஏறிய மறுநாள் காலை, பதினொன்று இருபத்திரண்டாகியிருந்தது.

காலை வண்டியின் பெண்கள் பெட்டியில் ஒரு முறை உண்டு. மாரிக்குப்பத்தில் முதலில் ஏறுகிற ஆஞ்சலா, இவள் கண்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா, வழியில் ஏறப்போகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். யார் கைக்குட்டை எந்த ஜன்னலோரம் என்பது கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததுபோல் நிச்சயமானது. பத்தொன்பது வருடமாகப் பாஞ்சாலிக்கு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. அந்த மாதத்திலிருந்து நீலக் கட்டம் போடப்படவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள், விஷயம் ஆறியிருக்கும். அவளைத் தாண்டி அவரைக்காயைக் கைமாற்றினார்கள், அவ்வளவுதான். பாஞ்சாலி சாம்பியனிலிருந்து ஈஸ்ட் வரை நின்றுகொண்டே வந்தாள். ஒருநாள் ஆஞ்சலா ஜன்னலைப் பார்த்துப் பொதுவாக, “சில வீட்ல ஆம்பளைங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்தா நல்லது” என்றாள். அவ்வளவு பேருக்கும் சிரிப்பு. பாஞ்சாலி கம்பியைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள்.

அந்த ஜனவரியில் கட்டணம் வழக்கம்போலவும் ஏறியது. தூரம் இருபத்தைந்தானது. இப்போது பாஞ்சாலி வீட்டில் இருக்கிற நேரம் நான்கு மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் தூங்கவேண்டும். அவள் உள்ளே வருகிறபோது ஜெயவேலு கதவருகே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பான், அவள் கிளம்பும்போது எழுந்து சோற்று டப்பாவைக் கொடுப்பான். ஒரு மாதத்தில் இருவரும் பேசியதை எழுதினால் அந்தத் தபால் ரசீதின் பின்பக்கத்தில் இடம் மிச்சமிருக்கும். கால் வீங்கிப்போய் அவள் விஜி வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்தோம். “அக்கா, பேசாம இங்கயே இருந்துடு. சனிக்கிழமை போய்ட்டு வா” என்று விஜி அழுதாள். ஜகதாம்பாள்கூடக் கடையை விட்டு எழுந்துவந்து அதையே சொன்னாள். பாஞ்சாலி, “சனிக்கிழமைக்கு ஒருவாட்டி போனா அது மாசத்துக்கு ஒருவாட்டி ஆகும். எங்க லைன்ல பாத்திருக்கேன். எம்பது வீடு. அதுல எத்தினி வீட்ல ஆம்பள இங்கயே இன்னொரு அடுப்பு மூட்டிக்கினான் தெரியுமா?” என்றாள். அவள் பயந்தது தூரத்துக்கு அல்ல. ஒருநாள் இரண்டு பேரும் இந்தத் தூரத்துக்குப் பழகிவிடுவோம் என்றுதான் பயந்தாள்.

மாசியில் ஒரு சாயங்காலம், வண்டி அந்த நிலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, பெண்கள் பெட்டியின் கதவோரம் நின்றிருந்த பாஞ்சாலி, மாலூர்ப் பக்கத்துப் புளியமரத்தடியில் தன் புருஷன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் செய்துகொண்டிருப்பதைக் கண்டாள். பக்கத்தில் தூக்குச்சட்டி, இரண்டு தட்டு. வண்டி அவ்வளவு மெதுவாகப் போனதால் இறங்குவது ஒரு படி இறங்குவதைப்போலத்தான். இறங்கினாள். “வீட்ல யாரு இருக்கா?” என்றாள் முதல் வார்த்தையாக. “சம்பூர்ணத்தண்ட சாவி இருக்குது. நீ சாப்டு.” கருவாட்டுக் குழம்பு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறி ஜீவனஹள்ளிக்கு வந்து தங்கை வீட்டில் படுத்தாள், அவன் அந்தப் பக்கம் போனான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று ஆரம்பித்தது வாரம் மூன்று நாளாகி, பங்குனியில் தினமும் ஆயிற்று. பெண்கள் பெட்டியில் எல்லோரும் மறுபக்கத்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடமானவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து தினமும் பேசிக்கொள்கிற அளவுக்கு என்ன இருக்கும் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

சம்பூர்ணம் நல்லவள்தான். ஆனால் அவளுக்கும் மகள் பிரசவம் என்று வேலூர் போகவேண்டி வந்தது. நான்கு நாள். அந்த நான்கு நாளில் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார், பூட்டைப் பார்த்தார், எழுதினார், கதவில் நோட்டீஸ் ஒட்டினார். ஜெயவேலு இதைப் பத்து நாள் பாஞ்சாலியிடம் சொல்லவில்லை. பதினோராம் நாள், தட்டில் சோற்றைப் போட்டபிறகு, நோட்டீஸை மடித்தபடியே எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் படித்தாள். பிறகு அந்தத் தட்டை எடுத்துத் தண்டவாளத்தில் வீசினாள்.

“இருபது வருஷம்யா. நின்னுகினே போய் நின்னுகினே வந்தேன், எதுக்கு? அந்த வீட்டுக்குத்தான?”

“நோட்டீஸ்ல உன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. எங்கப்பன் பேரு போட்டிருக்கான். செத்தவன எப்படிக் காலி பண்ணுவான்?”

“வேடிக்கை பேசாத! நாற்காலில ஒக்காந்து இருக்கறது ஒண்ணுதான் உனக்கு வேல. அதக்கூட உன்னால செய்ய முடியல.”

“முடியல” என்றான் ஜெயவேலு. “முடியலடி. நீ வந்து படுத்து, எந்திரிச்சிப் போற. உன் மூஞ்சி இன்னா மாதிரி இருக்கும்னு ஒருநாள் மறந்துபோச்சு. போட்டோ எடுத்துப் பாத்தேன்.”

அவள் எழுந்துபோய்த் தட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அது நசுங்கியிருந்தது. அதிலேயே சாப்பிட்டாள்.

கட்டில், பீரோ, இரண்டு அண்டா எல்லாம் மூன்று நாளில் வண்டியிலிருந்து இறங்கின. பெண்கள் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆஞ்சலா அண்டாவின் ஒரு காதைப் பிடித்து இறக்கிவிட்டாள். டேக்கல் பக்கத்துப் புளியமரத்தடியில் தகரக் கூரை போட்டு ஒரு வீடு. வாடகை கேட்க ஆள் இல்லை, பட்டா கேட்க தாலுகா இல்லை. அளந்து பார்த்தால் அது கோலார் ஜில்லாவிலும் சேராது, பெங்களூரிலும் சேராது. பாஞ்சாலி காலையில் அங்கேயே ஏறினாள், சாயங்காலம் அங்கேயே இறங்கினாள். ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருந்தாள். ஜெயவேலு ஆடுகளைப் பழக்கிப் பால் கறந்தான். இரண்டு மரங்களுக்கும் நடுவே தன் சர்வே சங்கிலியை இழுத்துக் கட்டி, துணி காயப்போடும் கொடியாக்கிக் கொடுத்தான். சரியாக நூறடி இருந்த இடைவெளியில் நூறடிச் சங்கிலி விரலளவு தொய்வில்லாமல் நின்றது. இனிக் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் தங்களுக்கு என்ன, தாங்கள் நடுவிலேயே வந்துவிட்டோமே என்று அவன் நினைத்தான். இது அவன் செய்த இரண்டாவது தப்பு.

நிலம் எப்போதும் நடுவிலிருந்துதான் கூடியது. யாருக்கு நடுவில் என்பதை யாரும் அளக்கவில்லை, அதனால் தெரியவில்லை. அடுத்த ஜனவரியில் புதுக் கட்டணம் அமலுக்கு வந்த மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. பாஞ்சாலி மாலூர்ப் பக்கத்து மரத்தடியில் நீலச் சீருடைப் புடவையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயவேலு வீட்டு மரத்தடியில் பால் கறந்துகொண்டு, பொங்கலுக்கு ஆஷா வருவாளா என்று கேட்டான். வருவாள் என்று அவள் சொல்லத் தொடங்கியபோது நிலம் விரிந்தது. சத்தமில்லை. பாயை உருட்டிவிட்டதுபோல, சிவப்பு மண்ணும் புதரும் கல்லும் இருவருக்கும் நடுவே வந்து கிடந்தன. அவள் சொன்ன வார்த்தையின் பாதி அவனுக்குக் கேட்டது, மீதிப் பாதி சிறிது நேரம் கழித்து மெல்லியதாக வந்து சேர்ந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் அந்தக் கடைசியில் ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான்.

சங்கிலி அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை. அது ஒரு மரத்திலிருந்து மறு மரம் வரைக்கும், விரலளவு தொய்வில்லாமல், வெயிலில் மின்னிக்கொண்டு போனது. அவன் லுங்கி இந்த முனையில், அவள் புடவை அந்த முனையில். நடுவே துணியே இல்லாமல் கொடி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஜெயவேலு அதைப் பிடித்தபடி நடந்தான். அந்தப் பக்கமிருந்து பாஞ்சாலியும் பிடித்தபடி நடந்தாள். பழக்க தோஷம், அவன் கணுக்களை எண்ணிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கணுவும் ஒரு வீட்டு அகலத்துக்கு நீண்டிருந்தது. ஐம்பதாவது கணுவில் இருவரும் சந்தித்தார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, “எத்தினி?” என்று கேட்டான். “அம்பது” என்றாள் அவள். ஆக மொத்தம் நூறு. கணுக் கணக்குப்படி அவர்களுக்கு நடுவில் இருந்தது அன்றைக்கும் ஒரு சங்கிலிதான். ஜெயவேலு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பாஞ்சாலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் எதையும் எழுதவில்லை. அதன் பிறகும் எழுதியதாகத் தகவல் இல்லை.

வண்டி ஊர்கிற இடத்திலும் ஒரு மாற்றம், மாலூர்ப் பக்கத்து மரத்தடியில் மட்டும்தான் இறங்குகிற அளவுக்கு மெதுவாகப் போகிறது. அதனால் தினமும் சாயங்காலம் பாஞ்சாலி அங்கே இறங்கி, கொடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கிறாள். அவன் தூக்குச்சட்டியோடு எதிரே வருகிறான். ஐம்பதாவது கணுவில் சாப்பிடுகிறார்கள். பிறகு சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். வீடு சேர ஏழே கால் ஆகிறது. போன ஜனவரியில் இன்னும் கொஞ்சம் விரிந்தது, ஏழரை ஆகிறது. கால் வீக்கம் குறையவில்லை.

கைக்குட்டை திரும்ப வந்துவிட்டது. நீலக் கட்டம் பழசாகிவிட்டதென்று ஆஞ்சலா புதிதாக மஞ்சள் பூப் போட்டது வாங்கிப் போட்டாள், நடுவழியில் ஏறுகிறவளுக்கு மாரிக்குப்பத்திலிருந்தே இடம் பிடித்து. பிறகு ஆஞ்சலா குடும்பமும் அங்கே இறங்கிவிட்டது. இப்போது பதினாலு வீடு. யாருக்கும் ஓட்டு இல்லை, ரேஷன் இல்லை, ஊருக்குப் பேர் இல்லை, கொடி மட்டும் பொது. ஜெயவேலுவின் லைன் வீட்டில் யாரோ வேறு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பூர்ணம் வேலூரில் மகளோடு தங்கிவிட்டாள், நான்கு நாள் போனதற்காக இன்னும் அழுகிறாளாம். விஜியும் தியோடரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு விவேக் நகருக்குப் போய்விட்டார்கள். நம் தெருவில் அதன் பிறகு மிக்ஸி எதுவும் பழுதாகவில்லை. அந்த மாடியில் இப்போது ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிற ஒரு ஜோடி இருக்கிறது, சண்டையே போடுவதில்லை, ஒன்றும் சுவாரசியமில்லை. ஜகதாம்பாள் மகனோடு ஓசூருக்குப் போகிறாள், கடையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், எல்லாம் பாதி விலை. இந்த வருடமும் கட்டணம் ஏறுகிறது என்று பேப்பரில் வந்த அன்று, பாஞ்சாலி வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கடைக்கு வந்து, துணிக்கு மாட்டுகிற கிளிப் நான்கு டஜன் கேட்டாள். எதற்கு அவ்வளவு என்று ஜகதாம்பாள் கேட்டதற்கு, “கொடி நீளமாகுதுல்ல” என்று சொல்லிவிட்டு, சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.